தீக்குழி அணைந்திருக்கும் நாட்கள்

ஜித்தே இருட்டு என்ற ஒன்றை ஒழுங்காகப் பார்த்ததே பல்கலைக்கழக விடுதிக்குப் போன பிறகுதான். அறைத்தோழி விளக்கை அணைத்ததும் இவள் அலறி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "எந்த ஊர்க்காரிடி நீ? இருட்டக் கண்டு பயப்படுற பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்று அவள் சிரித்த சிரிப்பு மறுநாள் விடுதி முழுக்கப் பரவிவிட்டது.

எக்ரோபாவில் பிறந்தவளுக்கு இருட்டு எப்படித் தெரியும்? மரவள்ளிக் காட்டைத் தாண்டினால் எண்ணெய்க் கம்பெனியின் தீக்குழி. எண்ணெயோடு வருகிற வாயுவை என்ன செய்வதென்று தெரியாமல், குழாய் வழியாகக் கொண்டுவந்து, மண்கரை கட்டிய பள்ளத்தில் விட்டு எரிப்பார்கள். ஜித்தே பிறப்பதற்கு முன்னாலிருந்தே எரிகிறது. இரவிலும் சுவரில் மஞ்சள் வெளிச்சம் ஆடும். கோழிகளுக்கு எப்போது கூவுவதென்று குழப்பம். கூரைத் தகரம் சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டை விழும். ஆண்கள் கூடிக் கூடிக் கம்பெனியைத் திட்டுவார்கள். பெண்கள் திட்டி நேரத்தை வீணாக்கவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதுபோல அந்த நெருப்பைத் தங்கள் அடுப்பாக்கிக்கொண்டார்கள்.

மரவள்ளியைத் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, கட்டிகளாகக் காயவைத்தால் அதற்குப் பெயர் க்போக்போ. தேங்காயோடு கடித்துத் தின்றால் பல்லுக்கும் நாக்குக்கும் வேலை. மழை ஓயாத அந்த நாட்டில் அதை வெயிலில் காயவைக்க நினைப்பவள் பைத்தியக்காரி. எனவே தீக்குழியின் கரையில், வெப்பம் முகத்தை அறையாத தூரத்தில், ஆளுக்கொரு மண்திண்டு கட்டி அதில் தட்டுகளைப் பரப்பினார்கள். திண்டுகளுக்குச் சொந்தக்காரிகள் உண்டு. ஒருத்தியின் திண்டில் இன்னொருத்தி தட்டு வைத்தால் மயிர் பிடிச் சண்டைதான். மேற்குக் கரையில் காற்று அடங்கிய நல்ல இடம் ஜித்தேயின் அம்மா ஓமோனிகோவுக்கு. கணவன் லாகோஸுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்ட பிறகு, அந்தத் திண்டுதான் மகளை வளர்த்தது, படிக்கவைத்தது.

அந்த நெருப்பு சும்மா எரியாது, இரைந்துகொண்டே எரியும். அதன் பக்கத்தில் பேச வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். வருஷக்கணக்காக அந்த இரைச்சலில் நின்ற பெண்களுக்குக் காது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓமோனிகோவுக்கு ஏறக்குறைய முழுசாகவே போய்விட்டது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"என் காதுக்கு ஒண்ணும் வரல. ஒங்க எல்லாருக்கும்தான் தொண்டை செத்துப்போச்சு" என்பாள்.

சில வருஷங்களுக்கு ஒருமுறை கம்பெனிக்காரர்கள் எண்ணெய்க் கிணற்றைச் சோதிக்க மூடுவார்கள். அந்த வட்டாரத்தில் மற்றக் கிணறுகளெல்லாம் வற்றிப் போனவை. எக்ரோபாவின் ஒற்றைக் கிணறுதான் அந்தக் குழிக்குத் தீனி. அதை மூடினால் தீ அணைந்துவிடும். ஊரே திடீரென்று ஊமையாகும். அப்போது பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? குழிக்குள் இறங்குவார்கள். வீட்டு அடுப்பு ஆறிவிட்டால் சாம்பலை வாரி, விரிசலுக்குச் சேறு பூசி, மெழுகிவைப்பதில்லையா? அதே போல. வெந்து சிவந்த மண்ணை உள்ளே போய்ப் பெருக்குவார்கள். இடிந்த திண்டுகளுக்குக் களிமண் அப்புவார்கள். அடியில் தரை இன்னும் சூடாக இருக்கும். அதை விட்டுவைப்பானேன் என்று அதன்மேல் பாய் விரித்து மரவள்ளியைப் பரப்புவார்கள். மண்டையோடு வரைந்து 'உள்ளே வராதே' என்று கம்பெனி நட்ட பலகை ஒன்று உண்டு. அதில் ஈரத் துணியைக் காயப்போடுவார்கள். எத்தனையோ பெரியவர்கள் அடுப்பைப் பற்றி எத்தனையோ புத்திமதி சொல்லியிருக்கிறார்கள். வேறு எவனோ எங்கிருந்தோ திருகிப் பற்றவைக்கிற அடுப்பைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை.

பெட்ரோலியப் பொறியியல் படிக்க இடம் கிடைத்துக் கிளம்பிய அன்று ஜித்தே அம்மாவின் முன்னால் மண்டியிட்டு, "மிக்வோ" என்று வணங்கினாள். பெரியவர்கள் "வ்ரேண்டோ" என்று சொன்னால்தான் எழுந்திருக்கலாம். ஓமோனிகோ உடனே சொல்லவில்லை.

"படி. எத வேணா படி. ஆனா நாங்க குழிக்குள்ள எறங்குறது உன் வாயிலேர்ந்து கம்பெனிக்காரன் காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா வேலி போடுவான். சிப்பாய் வருவான். அப்புறம் நான் மரவள்ளிய எங்க காயவைக்கிறது, உன் தலையிலயா?"

"சொல்ல மாட்டேம்மா!" என்று ஜித்தே கத்தினாள். கத்தினால்தான் அம்மாவுக்குக் கேட்கும்.

"வ்ரேண்டோ. எழுந்திரு, என் தாயே."

படிப்பில் அவளுக்குக் கிணற்றுச் சோதனைப் பாடம்தான் பிடித்தது. மற்றப் பிள்ளைகள் அதைக் கண்டாலே ஓடினார்கள். கணக்கு அப்படி. ஜித்தேக்கு அது கணக்காகத் தெரியவில்லை. கிணற்றைக் கொஞ்ச காலம் பாயவிட்டு, பிறகு வாயை இறுக்கி மூடி, அடியில் ஒரு அழுத்தமானியை இறக்கிவைத்துக் காத்திருக்க வேண்டும். அழுத்தம் ஏறும். முதலில் வேகமாக, பிறகு தயங்கித் தயங்கி. அந்த ஏறுகிற கோட்டைப் படிக்கத் தெரிந்தால், கண்ணால் பார்க்கவே முடியாத பாறையின் குணம் தெரியும். எண்ணெய் தாராளமாக ஊறுகிறதா, கிணற்றைச் சுற்றி அடைப்பு இருக்கிறதா, எவ்வளவு தூரத்தில் சுவர்போல் பாறை தடுக்கிறது, எல்லாம் தெரியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். கிணறு பேசுவது அதன் வாயை மூடிய பிறகுதான் என்பார் பாடம் நடத்தியவர். பிறந்ததிலிருந்து காதில் இரைந்துகொண்டிருந்த ஒன்று, மூடினால் என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவளுக்கு இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

கடைசி வருஷப் பயிற்சிக்கு அவளைப் போட்டது எக்ரோபா கிணற்றுக்கே. சொந்த ஊர், அம்மா கைச் சாப்பாடு என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். அவளுக்கு மட்டும் குழிக்குள் இறங்கும் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். ஆனால் அதைச் சொல்ல யாரும் இல்லை, சொல்லவும் கூடாது.

சோதனையை நடத்தியவர் அலகோவா என்ற பொறியாளர். கலபாரி இனத்துக்காரர், நல்ல மனிதர், எப்போதும் கோலா கொட்டையை மென்றுகொண்டிருப்பார். ஜித்தேயை "எஞ்சினியரம்மா" என்று கேலியாகக் கூப்பிடுவார். திங்கட்கிழமை கிணற்றை மூடினார்கள். வெள்ளிக்கிழமை திறப்போம் என்று ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டினார்கள். தீக்குழி ஒருமுறை பொருமி, அணைந்தது.

வியாழக்கிழமை காலை ஜித்தே மரவள்ளி மாவில் கிண்டிய ஸ்டார்ச் உருண்டையைப் பனங்குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழம்பில் உப்பு இல்லை.

"அம்மா, உப்பு!"

ஓமோனிகோ திரும்பிக்கூடப் பார்க்காமல் களிமண் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜித்தே மறுபடி கத்தினாள். பிறகு எழுந்து போய்த் தோளைத் தொட்டாள்.

"ஏன் பேய் மாதிரி பின்னால வர்ற? கூப்பிடத் தெரியாதா?" என்று திட்டிவிட்டு அம்மா உப்பை எடுத்துக் கொடுத்தாள். "திண்டு பாதிதான் பூசியிருக்கு. நாளைக்குத் தீ வந்துடும்ல? இன்னைக்கே முடிச்சிடுறோம். நாங்க நாலஞ்சு பேர் போறோம், எல்லாம் என் வயசுக்காரிங்க."

"நாளைக்குத்தான்மா. இன்னைக்கு இல்ல" என்றாள் ஜித்தே, வாயை நன்றாக அசைத்து. அவள் சொன்னது உண்மை. சொன்ன நேரத்தில் உண்மை.

அன்று மதியம் கிணற்றடிச் சோதனைக் கொட்டகையில், கம்ப்யூட்டரில் அழுத்தக் கோடு ஒரேயடியாகத் தட்டையாகிவிட்டது. எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே. பாறை அவ்வளவு தாராளமானது. அலகோவா கோலா கொட்டையை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார்.

"என்ன சொல்ற, எஞ்சினியரம்மா? இன்னும் காத்திருக்கணுமா?"

ஜித்தே கோட்டைப் பார்த்தாள். கணக்கைப் போட்டாள். மறுபடி போட்டாள். அவள் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

"வேண்டாம் சார். தெரிய வேண்டியது தெரிஞ்சாச்சு. இதுக்கு மேல வச்சாலும் புதுசா ஒண்ணும் சொல்லாது."

"சபாஷ்! நானும் அதான் நெனச்சேன். அறிக்கையில உன் பேரப் போடுறேன்." அவர் வாக்கிடாக்கியை எடுத்தார். "சைரன் ஊதுங்க. குழிய ஒருவாட்டி பாத்துட்டுத் தொறந்துடலாம்."

தன் பெயர் அறிக்கையில் வரும் என்ற சந்தோஷத்தில் ஜித்தே ஒரு நிமிஷம் எதையும் நினைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை யாரும் குறை சொல்ல முடியாது. பெற்றவள் நெருப்பருகே வெந்து படிக்கவைத்த படிப்பு அது.

சைரன் அலறியது. குழியைப் பார்க்கிற வேலை காவலாள் எடாஃபேயுடையது. மாமர நிழலில் உட்கார்ந்து, ஓமோனிகோ கொடுத்த க்போக்போவைத்தான் தின்றுகொண்டிருந்தான். கெட்டவன் இல்லை, சோம்பேறி. சைரன் ஊதினால் ஆடு மாடுகூட ஓடுகிறதே, மனிதர்கள் இருப்பார்களா என்று நினைக்கிறவன். "குழி காலி, ஓகா" என்று வாக்கிடாக்கியில் மேலதிகாரிக்குச் சொல்லிவிட்டு அடுத்த துண்டைக் கடித்தான்.

கொட்டகை ஜன்னலிலிருந்து குழிக்குப் போகும் பாதை தெரியும். ஆடுகள் அந்தப் பாதையில் தலைதெறிக்க ஓடிவந்தன. ஜித்தே அவற்றின் பின்னால் பெண்கள் வருவார்கள், தலையில் கூடையோடு, கம்பெனியைத் திட்டிக்கொண்டு வருவார்கள் என்று பார்த்தாள். ஆடுகள் வந்து முடிந்தன. பாதையில் தூசி அடங்கியது. யாரும் வரவில்லை.

உப்பு. காலையில் கத்திக் கத்திக் கேட்டும் வராத உப்பு.

செவிடன் காதில் சங்கு ஊதினாற்போல என்று நாம் சும்மா சொல்லிவிடுகிறோம். அவள் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமே... கோடு கடைசியில கொஞ்சம் ஆடுற மாதிரி..."

"இப்பத்தானே போதும்ன? ஆடவும் இல்ல, பாடவும் இல்ல." அலகோவா வெளியே கையசைத்தார். வால்வுச் சக்கரத்தில் இரண்டு பேர் கைவைத்தார்கள்.

சொன்னால் வேலி. சொன்னால் சிப்பாய். கொடுத்த வாக்கு. சக்கரம் லேசாகத் திரும்பியது. குழாய்க்குள் ஏதோ சீறிக்கொண்டு கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"சார், குழிக்குள்ள எங்கம்மா இருக்காங்க!"

அலகோவாவின் வாயிலிருந்து கோலா கொட்டை விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் சக்கரம் திருப்பி மூடப்பட்டது. ஜித்தே அதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிட்டாள். பாதை நெடுக அவள் அலறியதை ஊரின் மறுபக்கத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் மட்டும் கேட்கவில்லை.

கரைமேல் ஏறியபோது பற்றவைக்காத வாயுவின் வாடை மூக்கில் அடித்தது. கொஞ்சம்தான் வந்திருந்தது. கொஞ்சமே போதும். கீழே பெண்கள் களிமண்ணும் கையுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஓமோனிகோ நடுவில் குந்தியிருந்தாள். முன்னால் நாலு தேங்காய் மட்டை, அதன்மேல் தோல் உரித்த வாழைக்காய். கையில் தீப்பெட்டி.

மகள் ஓடிவருவதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது.

"வா பிள்ள, வா! வாழைக்காய் சுடப்போறது அங்க வரைக்கும் மணத்துருச்சா?"

குச்சி பெட்டியின் ஓரத்தைத் தொட்டிருந்தது. ஜித்தே அம்மாவின் மேல் அப்படியே விழுந்தாள். இருவரும் சேற்றில் புரண்டார்கள். தீப்பெட்டியை மகள் பிடுங்கிய வேகத்தில் அம்மாவின் நகம் பெயர்ந்தது.

அன்று யாரும் சாகவில்லை. அதைச் சொல்லி ஊர்த் தேவாலயத்தில் பிரார்த்தனைகூட நடந்தது. அந்த வாரமே வேலி வந்தது, முள்கம்பி வைத்த உயர வேலி. சிப்பாய்கள் வந்து திண்டுகளைப் பூட்ஸ் காலால் உதைத்து உடைத்தார்கள். புளித்த மரவள்ளி வீட்டுக்கு வீடு நாறியது. இந்தப் பெண்களுக்குச் சைரன் கேட்காது என்று ஜித்தே அலகோவாவிடம் எடுத்துச் சொன்னாள். அவரும் அக்கறையோடு மேலே எழுதினார். கம்பெனியும் அக்கறையோடு யோசித்து, இன்னும் பெரிய சைரனாக ஒன்று வாங்கிப் பொருத்தியது. இந்தப் புத்திசாலிகளை என்ன செய்வது?

ஜித்தே வீட்டுக்குப் போய் மண்டியிட்டு "மிக்வோ" என்றாள். ஓமோனிகோ கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசைந்ததைப் பார்த்தாள், என்ன சொன்னாளென்றும் தெரியும். "வ்ரேண்டோ" வரவில்லை. முழங்கால் மரத்துப்போகும்வரை ஜித்தே அப்படியே இருந்தாள்.

"நீங்க செத்திருப்பீங்கம்மா!"

"செத்திருந்தா நீ வந்து அழ ஒரு குழியாவது இருந்திருக்கும். இப்ப எனக்குக் குழியும் இல்ல, பொண்ணும் இல்ல." ஓமோனிகோ எழுந்தாள். "இனிமே உன் வாயிலேர்ந்து ஒரு சேதியும் எனக்கு வேண்டாம். என் சேதியும் உனக்கு வராது."

ஜித்தே யாரும் எழுந்திருக்கச் சொல்லாமல் தானாகவே எழுந்தாள். அந்த ஊரில் பெற்றவளின் முன்னால் அப்படி எழுந்திருப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

படிப்பு முடிந்தது. நல்ல மதிப்பெண். கிணற்றுச் சோதனைக் குழு ஒன்றில் வேலையும் கிடைத்தது. மழைக் காலத்தில் ஒருமுறை லீவில் வந்தாள். வாரக்கணக்கில் சூரியன் தலைகாட்டியிருக்கவில்லை. அம்மாவின் அறையில் தட்டு நிறைய க்போக்போ இருந்தது. ஒன்றை எடுத்து ஒடித்தாள். படக்கென்று ஒடிந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். தீக்குழியின் வாடை அவளுக்குத் தெரியாதா?

"எங்கம்மா காயவச்சீங்க?" என்று கத்தினாள்.

"வெயில்ல" என்றாள் ஓமோனிகோ, மழையைப் பார்த்துக்கொண்டே.

வேலியின் பின்பக்கம், சதுப்பை ஒட்டி, சிப்பாய்கள் கால் வைக்காத இடத்தில் பெண்கள் ஓட்டை போட்டிருந்தார்கள். ஜித்தே தேடிக் கண்டுபிடித்தாள். அடுத்த தடவை கிணற்றை மூடியபோது லீவு போட்டு வந்து அந்த ஓட்டையின் வாசலில் நின்றாள். திறக்கிற நேரம் தெரிந்ததும் உள்ளே போய் ஒவ்வொருத்தியின் தோளையும் தொட்டு வெளியே அழைத்துவந்தாள். அம்மா அவளைக் கடந்து போனாள், வேலிக்கம்பத்தைக் கடப்பதுபோல. அதற்கும் அடுத்த தடவை வந்தபோது ஓட்டை அங்கே இல்லை. பெண்கள் இடத்தை மாற்றிவிட்டார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும், "ஓட்டையா? எந்த ஓட்டை?" என்றார்கள். சிறுபிள்ளைகள்கூட அவளைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். நல்லவேளை, அந்த முறை பெண்கள் திறப்பதற்கு முன்பே வீடு திரும்பியிருந்தார்கள்.

இந்த வருஷம் அவளுக்குக் கழிமுகத்தில் ஒரு எண்ணெய்த் துளைமேடையில் வேலை. நான்கு பக்கமும் தண்ணீரும் அலையாத்தி மரமும். சாயங்காலமானால் வடக்கே அடிவானத்தில் ஒரு மஞ்சள் கறை தெரியும். எக்ரோபாவின் தீ. அதைப் பார்த்த பிறகுதான் அவள் சாப்பிடப் போவாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்தக் கறை இல்லை. விசாரித்தாள். சோதனைக்கு மூடியிருக்கிறார்கள், சனிக்கிழமை திறப்பு என்றார்கள். லீவு கேட்டாள். அடுத்த படகு அடுத்த வாரம்தான் என்றார் மேலாளர். எக்ரோபா கொட்டகைக்குப் போன் போட்டாள். ஒரு இளைஞன் எடுத்தான்.

"வேலில எங்கயோ ஓட்டை இருக்கு தம்பி. தயவுசெஞ்சு குழிக்குள்ள ஆள விட்டுப் பாருங்க."

"போன மாசமே எல்லா ஓட்டையும் அடைச்சாச்சு, மேடம். புது சைரன் வேற இருக்கு. மூணு ஊருக்குக் கேக்கும்."

"அவங்களுக்குக் கேக்காதுப்பா."

"எந்த இடத்துல ஓட்டைன்னு சொல்லுங்க, போய்ப் பாக்குறேன்."

அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வடக்கே பார்த்து நின்றாள். சனிக்கிழமைக்கு இன்னும் பொழுது இருந்தது. அடிவானம் கறுத்துக்கொண்டே வந்தது. திடீரென்று அங்கே மஞ்சளாக ஒன்று குபீரென்று எழும்பி, தணிந்து, நிலைத்தது. எவனோ ஒரு கெட்டிக்காரப் பையன் கோட்டைப் பார்த்துவிட்டுப் போதும் என்று சொல்லியிருக்கிறான்.

அம்மாவின் போனுக்கு அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் மணி போனது.

அம்மா வீட்டில் இருந்தாலும் அது அவளுக்குக் கேட்காது.